டிரக்கி போட்டவருக்கு மூச்சு சரியில்லையா? அறிகுறி பார்த்துக் காரணம் பிடிக்கும் வழி

பல நாள் வென்டிலேட்டரில் இருந்தவருக்குக் கழுத்தில் துளையிட்டுக் குழாய் வைத்த பிறகு (டிரக்கியாஸ்டமி, சுருக்கமாக டிரக்கி) ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றுகிறார்கள். சிலரை வீட்டுக்கே அனுப்புகிறார்கள். ஐசியூவில் கண்ணெதிரே ஒரு சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். வார்டில் பல கட்டில்களுக்கு நடுவே ஓடும் சிஸ்டர்தான். வீட்டிலோ, சளியை உறிஞ்சும் சக்ஷன் மெஷினை இப்போதுதான் தொட்டுப் பார்க்கும் மகனோ மருமகளோ. இந்தக் குறிப்பு அவர்களுக்கானது. படித்து மட்டும் இந்த வேலையைக் கற்றுக்கொள்ள முடியாது. டிஸ்சார்ஜுக்கு முன்பே சிஸ்டர் பக்கத்தில் நிற்க, உங்கள் கையால் சக்ஷன் போட்டு, உள்குழாயை (டிரக்கிக் குழாய்க்குள் இருக்கும், கழற்றிச் சுத்தம் செய்யக்கூடிய மெல்லிய குழாயை) கழற்றி மாட்டிப் பழகியிருக்க வேண்டும். அப்படிப் பழகியவருக்குப் பதற்றத்தில் வரிசை தப்பாமலிருக்க இது உதவும்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். "கழுத்துல ஓட்டை போட்டாச்சுன்னா அவ்வளவுதான்" என்று ஐசியூ வாசலில் யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். உண்மையில் டிரக்கியாஸ்டமி பெரும்பாலும் வென்டிலேட்டரிலிருந்து மெதுவாக இறக்கத்தான் போடுகிறார்கள். வாய் வழியாகப் போட்ட குழாய் நாள் கணக்கில் இருந்தால் குரல்நாணைப் புண்ணாக்கும். அதைத் தாங்க வைக்க மயக்க மருந்தும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கழுத்துக் குழாய் வந்தால் மருந்தைக் குறைக்கலாம், உட்கார வைக்கலாம், வாயைச் சுத்தம் செய்யலாம். தலையில் அடிபட்டவர், பக்கவாதம் வந்தவர், குய்லான் பாரே என்ற நரம்பு நோய் வந்து கைகால் செயலிழந்தவர், பூச்சிமருந்து குடித்துக் கழுத்துத் தசையும் மூச்சுத் தசையும் தளர்ந்தவர் என்று நம் ஊர் ஐசியூக்களில் இந்தக் குழாய்க்கு வருகிறவர்கள் பல வகை.

"அப்படியானால் ஏன் முதல் நாளே போடவில்லை?" என்று கேட்பவர்களும் உண்டு. இங்கிலாந்தில் 'டிராக்மேன்' என்ற பெயரில் ஒரு பெரிய ஆய்வு நடந்து 2013-இல் முடிவு வெளியானது. 909 நோயாளிகளில் ஒரு பாதிக்கு 4 நாளுக்குள் டிரக்கி. மறுபாதிக்கு 10 நாள் பொறுத்து, தேவைப்பட்டால் மட்டும். இறப்பு விகிதத்தில் இரண்டு பக்கமும் வித்தியாசமில்லை. ஆனால் பொறுத்திருந்த பக்கத்தில் பாதிப் பேருக்கு மேல் டிரக்கியே தேவைப்படவில்லை. டாக்டர்கள் காத்திருப்பதற்குக் காரணம் இதுதான்.

கட்டில் தலைமாட்டில் ஒட்ட வேண்டிய தாள்

குழப்பம் வரும்போது கேஸ் ஷீட்டைப் புரட்ட நேரம் இருக்காது. எந்தத் தேதியில் துளை போட்டது, அறுவை செய்து போட்டதா ஊசி வழியாக விரித்துப் போட்டதா, குழாய் எந்த சைஸ், கஃப் (குழாயைச் சுற்றி மூச்சுக்குழாய்க்குள் காற்றால் உப்பும் சின்னப் பலூன்) உண்டா இல்லையா, உள்குழாய் உண்டா இல்லையா என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். இன்னொரு வரியும் கட்டாயம் வேண்டும்: வாய் வழியாக மூச்சு விட வழி இருக்கிறதா? புற்றுநோய்க்காகக் குரல்வளையையே எடுத்தவருக்கு வாய்க்கும் நுரையீரலுக்கும் தொடர்பே கிடையாது. அவருக்கு முகத்தில் மாஸ்க் வைத்து அழுத்துவதால் எந்தப் பயனும் இல்லை. ஐசியூவில் நீண்ட நாள் வென்டிலேட்டருக்காகப் போட்ட டிரக்கியில் பெரும்பாலும் மேல்வழி திறந்தே இருக்கும். இருந்தாலும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்தில் இருக்க வேண்டியவை: ஓடும் நிலையில் உள்ள சக்ஷன் மெஷின், சளி எடுக்க உள்ளே விடும் மெல்லிய குழாய்களான கதீட்டர்கள், கையால் அழுத்தி மூச்சு கொடுக்கும் பையான அம்பு பேக், முகத்துக்கான மாஸ்க், அதே சைஸில் ஒரு குழாயும் ஒரு சைஸ் சின்னதாக ஒரு குழாயும், ஜெல்லி, கஃப் காற்றுக்கு 10 மி.லி. சிரிஞ்சு, கத்தரிக்கோல், ஆக்ஸிஜன். அலமாரியில் பூட்டி வைத்தால் இருந்தும் பயனில்லை.

மூச்சு திணறுகிறது, சேச்சுரேஷன் (ரத்தத்தின் ஆக்ஸிஜன் அளவு) இறங்குகிறது

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் இந்தப் பகுதியை மட்டுமாவது படித்துவிடுங்கள்.

தோளும் கழுத்துத் தசையும் சேர்ந்து இழுக்கும். மூச்சை இழுக்கும்போது விலா இடுக்கு உள்வாங்கும். குழாயில் விசில் மாதிரி சத்தம் வரும், வியர்க்கும். சிலர் கட்டிலில் புரண்டு கையால் குழாயைப் பிடித்து இழுப்பார்கள். அப்படிப் புரள்பவரை "அடம் பிடிக்கிறார்" என்று நினைத்துக் கையைக் கட்டிப்போடுவதும், தூக்க ஊசி கேட்டு ஓடுவதும் அடிக்கடி நடக்கிறது. டிரக்கி போட்டவர் திடீரென்று அமைதி இழந்தால், வேறு காரணம் தெரியும்வரை மூச்சுத் தடை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சேச்சுரேஷன் 96 காட்டுகிறதே என்றும் நின்றுவிட வேண்டாம். ஆக்ஸிஜன் போய்க்கொண்டிருப்பவருக்கு அந்த எண் கடைசியில்தான் விழும்.

உதவிக்குக் குரல் கொடுங்கள். வாய்ப் பக்கம் ஒரு மாஸ்க், கழுத்துப் பக்கம் ஒரு மாஸ்க் என்று இரண்டு இடத்திலும் ஆக்ஸிஜன் வையுங்கள். எந்த வழி திறந்திருக்கிறது என்று இன்னும் தெரியாது அல்லவா, அதனால் இரண்டிலும். அப்புறம் குழாயின் வாயில் மாட்டியிருக்கும் எல்லாவற்றையும் கழற்றுங்கள். பேச்சு வால்வ், மூடி, ஹெச்.எம்.இ. ஃபில்டர் (மூச்சுக் காற்றின் ஈரத்தையும் சூட்டையும் காக்கும் ஃபில்டர்), மேலே போட்ட ஈரத்துணி எல்லாம் வெளியே. உள்குழாய் இருந்தால் அதையும் உருவிவிடுங்கள். காய்ந்த சளி உள்குழாயில்தான் அடைகட்டும். பல நேரம் அதை உருவிய நொடியே மூச்சு சீராகிவிடும். ஒரு எச்சரிக்கை: சில ரகக் குழாய்களில் வென்டிலேட்டரும் அம்பு பேக்கும் மாட்டும் முனை உள்குழாயோடு சேர்ந்திருக்கும். அதை உருவினால் பையை மாட்ட முடியாது. அந்த ரகம் என்றால் சுத்தமான இன்னொரு உள்குழாய் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

இப்போது முக்கியமான கேள்வி. சக்ஷன் கதீட்டர் தடையில்லாமல் குழாயின் நுனியைத் தாண்டி உள்ளே இறங்குகிறதா? இந்தக் குறிப்பில் அநேகமாக எல்லா அறிகுறிக்கும் இந்தக் கேள்விதான் வழி பிரிக்கும். மெல்லிய கதீட்டரைத்தான் விட்டுப் பார்க்க வேண்டும். விறைப்பான எதையும் நுழைக்கக் கூடாது, அது தசைக்குள் பொய்யான வழி ஒன்றைக் குத்தி உண்டாக்கிவிடும்.

சுலபமாக இறங்கினால் குழாய் மூச்சுக்குழாயில்தான் இருக்கிறது, வழியும் திறந்திருக்கிறது. சக்ஷன் போட்டுச் சளியை எடுங்கள். அதன் பிறகும் திணறல் குறையவில்லை என்றால் பிரச்சினை குழாய்க்குக் கீழே இருக்கிறது. இன்னும் ஆழத்தில் சளிக்கட்டி, நெஞ்சுக்கூட்டில் காற்று, மூச்சுக்கிளைகள் சுருங்குவது, நிமோனியா, இதயம் என்று எதுவாகவும் இருக்கலாம். ஸ்டெத் வைத்து இரண்டு பக்கமும் கேட்டு எக்ஸ்ரே எடுக்க வேண்டிய டாக்டர் வேலை அது.

கதீட்டர் இறங்கவில்லை என்றால் குழாய் அடைத்திருக்கிறது, அல்லது இடம் மாறித் தசைக்குள் போயிருக்கிறது. அடுத்தது, கஃப்பில் உள்ள காற்றை முழுவதும் எடுங்கள். குழாயைச் சுற்றி இடைவெளி கிடைத்து வாய் வழியாகக் காற்று போக வழி பிறக்கும். சிலருக்கு அதுவே போதும். மூச்சு தணிந்தால் அப்படியே விட்டுவிட்டு, அனுபவமுள்ளவர் வரும்வரை காத்திருக்கலாம்.

தணியவில்லையா? குழாயை எடுத்துவிட வேண்டும்.

எல்லோரும் தயங்கும் இடம் இதுதான். உயிர்வழி என்று நினைத்த ஒன்றை நம் கையால் பிடுங்குவதா என்று கை வராது. ஆனால் கதீட்டர் போகாத, காற்று போகாத குழாய் கழுத்தில் இருப்பதால் அவருக்கு எந்த லாபமும் இல்லை. மேல்வழியையும் அதுதான் அடைத்துக்கொண்டு நிற்கிறது. இங்கிலாந்தின் தேசிய டிரக்கியாஸ்டமி பாதுகாப்புத் திட்டம் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும் வரிசை இதுவேதான்: கதீட்டர் போகவில்லை, கஃப் இறக்கியும் சீராகவில்லை என்றால் குழாயை எடு. எடுத்த பிறகு இரண்டு இடத்திலும் ஆக்ஸிஜனைத் தொடருங்கள். தானாக மூச்சு விடவில்லை என்றால், கழுத்துத் துளையைக் காஸ் துணி வைத்துக் கையால் பொத்திக்கொண்டு முகத்தில் மாஸ்க் வைத்து அம்பு பேக் அழுத்த வேண்டும். மேல்வழி இல்லாதவர் என்றால் குழந்தைகளுக்கான சின்ன மாஸ்க்கைத் துளையின் மேலேயே வைத்து அழுத்த வேண்டும்.

வழி திறந்திருக்கிறது என்று தெரியாமல் டிரக்கியில் அம்பு பேக்கை மாட்டிப் பலமாக அழுத்தவே கூடாது. குழாயின் நுனி தசைக்குள் இருந்தால் அந்தக் காற்று தோலுக்கடியில் ஏறிக் கழுத்தும் முகமும் உப்பிவிடும். தொட்டால் நறநறவென்று இருக்கும். அதற்குப் பிறகு துளையைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. ஐசியூவில் மூச்சுக் காற்றின் கார்பன் டை ஆக்சைடை அலையாகக் காட்டும் மானிட்டர் இருந்தால் அதைப் பாருங்கள். அலை இல்லை என்றால், குழாய் எவ்வளவு ஒழுங்காகக் கட்டப்பட்டிருந்தாலும் அதை நம்ப வேண்டாம்.

குழாய் வெளியே வந்துவிட்டது

இருமும்போதோ, கட்டிலில் திருப்பிப் படுக்க வைக்கும்போதோ, வென்டிலேட்டர் டியூப் கட்டில் கம்பியில் மாட்டி இழுத்தோ வெளியே வந்துவிடும். பாதி வந்து நிற்பது இன்னும் மோசம், பார்ப்பதற்கு இருக்கிற மாதிரியே இருக்கும். குழாயின் தகடு கழுத்திலிருந்து தூக்கிக்கொண்டு நிற்கிறதா என்று பாருங்கள். பருத்த கழுத்துள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

தலைமாட்டுத் தாளில் எழுதிய தேதி இங்கேதான் வேலைக்கு வரும். துளை போட்டு 7 முதல் 10 நாள் ஆகும்வரை வழி கெட்டிப்படுவதில்லை. குழாய் வெளியே வந்தவுடன் தசைகள் திரை மாதிரி மூடிக்கொள்ளும், விரித்துப் போட்ட துளை இன்னும் வேகமாக. அந்த நாட்களில் வார்டில் யாரும் குருட்டாம்போக்கில் திருப்பி நுழைக்க முயல வேண்டாம். துளையைப் பொத்தி, முகத்தில் மாஸ்க் வைத்து ஆக்ஸிஜன் கொடுத்து, மயக்கவியல் டாக்டரைக் கூப்பிடுங்கள். அவர் தேவையென்றால் வாய் வழியாகவே குழாய் போடுவார். அறுவை செய்து போட்டவர்களுக்குச் சில நேரம் மூச்சுக்குழாயில் தையல் நூல் கட்டி, நுனியை நெஞ்சில் பிளாஸ்திரியால் ஒட்டியிருப்பார்கள். டாக்டர் அந்த நூலை மெல்ல இழுத்தால் துளை மேலே வந்து வாய் திறக்கும். டிரெஸ்ஸிங் மாற்றும்போது அதைத் தேவையில்லாத நூல் என்று வெட்டிவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் ஆன துளை என்றால் பதற வேண்டாம், உடனே மூடாது. தோளுக்கு அடியில் சுருட்டிய துண்டு வைத்துக் கழுத்தை லேசாகப் பின்னால் சாய்த்து, ஜெல்லி தடவிய அதே சைஸ் குழாயை, அதன் உள்ளே இருக்கும் மழுங்கிய வழிகாட்டித் தண்டோடு சேர்த்து முதலில் பின்னோக்கியும் பிறகு கீழ்நோக்கியும் வளைவாக விடலாம். இது கற்றுக் கொடுக்கப்பட்டவர்களுக்கு மட்டும். உள்ளே போனதும் தண்டை உடனே உருவ வேண்டும், அது இருக்கும்வரை மூச்சு விட முடியாது. போகவில்லை என்றால் ஒரு சைஸ் சின்னக் குழாய். அதுவும் போகவில்லை என்றால் நிறுத்திவிட்டு ஆக்ஸிஜனோடு 108. போட்ட பிறகும் கதீட்டர் இறங்குகிறதா என்று பார்த்த பின்தான் நாடாவைக் கட்ட வேண்டும். நாடாவுக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு விரல் போக வேண்டும். அதற்கு மேல் தளர்ந்தால் அடுத்த இருமலில் திரும்ப வந்துவிடும்.

வென்டிலேட்டர் கத்துகிறது

அலாரத்தை அமர்த்துவதற்கு முன் நோயாளியைப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குகிறதா, நிறம் எப்படி இருக்கிறது என்பதெல்லாம் முதலில். பிறகு திரையில் அழுத்தம் அதிகம் என்கிறதா, குறைவு என்கிறதா என்று வாசியுங்கள்.

அதிகம் என்றால் எங்கோ அடைப்பு. டியூப் மடங்கியிருக்கலாம், டியூபில் தண்ணீர் தேங்கியிருக்கலாம், ஹெச்.எம்.இ. ஃபில்டரில் சளி தெறித்து நனைந்திருக்கலாம், நோயாளி இருமிக்கொண்டிருக்கலாம். இவை எதுவும் இல்லை என்றால் மீண்டும் கதீட்டர் கேள்விக்கு வாருங்கள். குறைவு என்றால் எங்கோ கசிவு. இணைப்பு கழன்றிருக்கும், கஃப் இறங்கியிருக்கும், அல்லது நெபுலைசர் போட்ட பின் அந்த முனையை மூட மறந்திருப்பார்கள்.

ஒன்றும் புரியவில்லை என்றால் மெஷினைக் கழற்றிவிட்டு, கதீட்டர் விட்டு வழி பார்த்து, அம்பு பேக் மாட்டி மெதுவாக அழுத்துங்கள். பை இலகுவாக இறங்கி நெஞ்சு ஏறினால் தப்பு மெஷினிலோ டியூபிலோ இருக்கிறது. பை கல்லாக இருந்தால் தப்பு குழாயிலோ நுரையீரலிலோ.

கஃப் ஊதியிருந்தும் குரல் வருகிறது, தொண்டையில் களகளவென்கிறது

உறவினர்களுக்கு இது சந்தோஷமான செய்தியாகத் தெரியும்: "அப்பா பேசிட்டார்!" கஃப் ஊதிய குழாயோடு வென்டிலேட்டரில் இருப்பவருக்குக் குரல் வந்தால் காற்று குரல்நாணுக்கு மேலே கசிகிறது என்று அர்த்தம். பைலட் பலூனை (கஃப்போடு இணைந்து வெளியே தொங்கும் சின்னப் பலூனை) கிள்ளிப் பார்த்து "டைட்டாத்தான் இருக்கு" என்று சொல்வது போதாது. கஃப் அழுத்தத்தைக் கடிகார முகமுள்ள கருவியால் அளக்க வேண்டும். 20 முதல் 30 செ.மீ. நீரழுத்தத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்தால் வாய் எச்சில் நுரையீரலுக்குள் வழியும். கூடினால் மூச்சுக்குழாயின் உட்சுவருக்கு ரத்த ஓட்டம் நின்று புண்ணாகும்.

ஒவ்வொரு ஷிஃப்டிலும் இன்னும் கொஞ்சம் காற்று, இன்னும் கொஞ்சம் காற்று என்று ஏற்றிக்கொண்டே போவதுதான் இதில் செய்யும் பெரிய தப்பு. காற்று தேவை கூடிக்கொண்டே போனால் பிரச்சினை காற்றில் இல்லை. குழாய் மேலே நழுவி கஃப் குரல்நாண் அருகில் போயிருக்கலாம். கஃப்போ பலூனின் வால்வோ ஓட்டையாகியிருக்கலாம். அல்லது அந்த இடத்தில் மூச்சுக்குழாயே விரிந்துபோயிருக்கலாம். குழாயை மாற்ற வேண்டுமா என்று டாக்டர் முடிவு செய்யட்டும்.

ரத்தம் வருகிறது

துளை போட்ட முதல் இரண்டு நாள் காஸில் கொஞ்சம் ஊறுவது வழக்கம். சக்ஷன் சளியில் நூல் மாதிரி சிவப்பு வந்தால் பெரும்பாலும் சக்ஷனே காரணம்: அழுத்தம் அதிகம், கதீட்டர் தடி அதிகம், அல்லது தேவையில்லாமல் அடிக்கடி போடுவது. பெரியவர்களுக்கு சக்ஷன் அழுத்தம் 80 முதல் 120 மி.மீ. பாதரசம், எப்படியும் 150-ஐத் தாண்ட வேண்டாம். கதீட்டர் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் இருக்கக் கூடாது, 8-ஆம் சைஸ் குழாய்க்கு 12 பிரெஞ்ச் (கதீட்டர் தடிமனைச் சொல்லும் அளவு) கதீட்டர். உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது, வெளியே எடுக்கும்போது மட்டும். மொத்தமும் 10, 15 விநாடிக்குள். இரண்டு மணிக்கு ஒரு தரம் என்று கடிகாரம் பார்த்துப் போடாமல், சளி சத்தம் கேட்டால், இருமல் வந்தால், சேச்சுரேஷன் அசைந்தால் போடுங்கள்.

மூன்று நாளுக்குப் பிறகு, குறிப்பாக முதல் மூன்று நான்கு வாரத்தில், பச்சை ரத்தம் 10 மி.லி. அளவுக்கு வந்தால் அது தானாக நின்றுவிட்டாலும் சும்மா விடக் கூடாது. மூச்சுக்குழாய்க்கு முன்னால் வலது கைக்கும் தலைக்கும் போகும் பெரிய தமனி குறுக்கே ஓடுகிறது. கஃப்போ குழாய் நுனியோ சுவரை அரித்து அந்தத் தமனிக்குள் வழி போட்டால் சில நிமிடத்தில் உயிர் போகும். இது நூற்றில் ஒருவருக்குக்கூட வருவதில்லை. வந்தவர்களில் சுமார் பாதிப் பேருக்குப் பெரிய கசிவுக்கு முன்னால் இப்படி ஒரு சின்னக் கசிவு வந்து நின்றிருக்கிறது. "நேத்து கொஞ்சம் வந்துச்சு, தானா நின்னுடுச்சு" என்று காலை ரவுண்ட்ஸில் சாதாரணமாகச் சொல்லும் விஷயம் இல்லை அது. குழாய் நாடித்துடிப்போடு சேர்ந்து துடிப்பதும் ஒரு அறிகுறி.

குபுகுபுவென்று வந்தால் குழாயை எடுக்க வேண்டாம். மேலே சொன்னதற்கு இது மட்டும் விதிவிலக்கு. கஃப்பில் இன்னும் காற்றை ஏற்றிப் பலமாக ஊதுங்கள், அந்த இடத்தை உள்ளிருந்து அழுத்தும். இங்கே 30 என்ற கணக்கெல்லாம் பார்க்க வேண்டாம். ரத்தத்தை சக்ஷனால் எடுத்து வழியைத் திறந்து வையுங்கள். ஆக்ஸிஜன், உதவி, ரத்த வங்கிக்கு ஆள். அதிலும் நிற்கவில்லை என்றால் டாக்டர்கள் வாய் வழியாகக் குழாய் போட்டு, துளை வழியே விரலை விட்டுத் தமனியை நெஞ்செலும்பின் பின்பக்கமாக அழுத்திப் பிடித்தபடியே ஆபரேஷன் தியேட்டருக்குப் போவார்கள்.

சளி கெட்டியாகிறது, நாறுகிறது

மூக்கு செய்யும் வேலை காற்றைச் சூடாக்கி ஈரமாக்குவது. டிரக்கி போட்டவருக்கு அந்த வேலையைச் செய்ய ஆளில்லை. ஏசி அறையிலும் மே மாத வெயிலிலும் சளி பசையாகிக் காய்ந்து ஒட்டும். ஆக்ஸிஜன் சிலிண்டரிலிருந்து உலர்ந்த காற்று நேராகக் கழுத்துக்குப் போனால் இன்னும் வேகமாக. ஹெச்.எம்.இ. ஃபில்டர் போடுங்கள், 24 மணி நேரத்துக்கு ஒரு முறையும் அழுக்கானால் உடனேயும் மாற்றுங்கள். சூடான நீர் ஈரப்பதக் கருவி ஓடும்போது அதே வழியில் ஃபில்டரையும் போடக் கூடாது, நனைந்து அடைத்துக்கொள்ளும். நெபுலைசர் கொடுக்கும்போதும் ஃபில்டரைக் கழற்ற வேண்டும். சலைனை நெபுலைசரில் கொடுப்பது நல்லது. ஒவ்வொரு சக்ஷனுக்கும் முன் குழாய்க்குள் சலைனை ஊற்றும் வழக்கம் வேண்டாம். நோயாளிக்குத் தேவையான திரவம் உடலில் சேர்கிறதா என்றும் பாருங்கள். உள்குழாயை எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது எடுத்துப் பார்த்துச் சுத்தம் செய்யுங்கள், சளி அதிகமென்றால் நான்கு மணி நேரத்துக்கு ஒரு முறை.

நிறம் மாறினால் மட்டும் ஆன்டிபயாட்டிக் தேவை என்று அர்த்தமில்லை. குழாயில் கிருமி குடியிருப்பது சகஜம், கல்ச்சரில் ஏதாவது வளரத்தான் செய்யும். காய்ச்சல், சளியின் அளவு கூடுவது, ஆக்ஸிஜன் தேவை ஏறுவது எல்லாம் சேர்ந்து வந்தால்தான் நிமோனியாவை யோசிக்க வேண்டும்.

சாப்பாடு சளியில் வருகிறது

ரைல்ஸ் டியூபில் (மூக்கு வழியாக வயிற்றுக்குப் போகும் உணவுக் குழாயில்) கொடுத்த பாலோ கஞ்சியோ சக்ஷனில் வந்தால் உணவை நிறுத்துங்கள். கஃப் ஊதியிருந்தால் புரையேறாது என்பது தவறான நம்பிக்கை. கஃப்புக்கு மேலே தேங்கிய எச்சிலும் உணவும் கஃப்பின் மடிப்புகள் வழியே இறங்கும். தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்திக் கொடுப்பது, மெதுவாகக் கொடுப்பது, டியூப் இடம் மாறவில்லை என்று உறுதி செய்வது இதெல்லாம் முதல் படி. இவ்வளவும் சரியாக இருந்தும் பால் வந்துகொண்டே இருக்கிறது, வென்டிலேட்டர் காற்றில் வயிறு உப்புகிறது, கஃப் கசிவும் நிற்கவில்லை என்றால் மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் துளை விழுந்திருக்கலாம். எண்டோஸ்கோபி தேவைப்படும்.

துளையைச் சுற்றி சிவப்பு, சதை, ஈ

சளி ஊறிய காஸ் அப்படியே கிடந்தால் தோல் வெந்துவிடும். ஈரமானால் மாற்றுங்கள், சலைனால் துடைத்து உலர்த்துங்கள். சாதாரண காஸை வெட்டி வைத்தால் நூல் பிரிந்து உள்ளே போகும், பஞ்சு அறவே கூடாது. துளை ஓரத்தில் சிவப்புச் சதை வளர்ந்து, தொட்டால் ரத்தம் வந்தால் இ.என்.டி. டாக்டர் அதைச் சுட்டு எடுப்பார். வீட்டில் திறந்த துளையில் ஈ மொய்த்தால் புழு வைக்கும். அசிங்கம் என்று மறைக்காமல் உடனே காட்டுங்கள். வலை போட்டுப் படுக்க வைப்பதும் ஃபில்டர் போடுவதும் தடுக்கும்.

பேச்சு வால்வ் போட்டதும் திணறுகிறார்

உடனே கழற்றுங்கள். பேச்சு வால்வ் காற்றை உள்ளே மட்டும் விடும், வெளியே விடாது. வெளியே வருவது குரல்நாண் வழியாகத்தான். கஃப் ஊதியிருந்தால் உள்ளே போன காற்றுக்கு வெளியே வர வழியே இல்லை. இது நேரடியாக உயிர்போகும் தவறு. கஃப்பை முழுவதும் இறக்கிய பிறகுதான் வால்வ். பைலட் பலூனில் சிவப்புப் பட்டை ஒட்டி "வால்வுக்கு முன் காற்றை எடு" என்று எழுதி வைப்பது நல்ல வழக்கம். கஃப் இறக்கியும் திணறினால் குழாய் பெரிதாக இருக்கலாம், அல்லது குரல்நாண் பக்கம் வீக்கமோ சுருக்கமோ இருக்கலாம். அதைப் பார்க்காமல் தினமும் முயன்றுகொண்டே இருக்க வேண்டாம்.

பேச முடியாத நாட்களில் அவருக்குப் புத்தி தெளிவாகவே இருக்கலாம். தமிழ் எழுத்துகளைப் பெரிதாக எழுதிய அட்டை, "தாகம், வலி, சளி, திருப்பிப் படுக்க வை" என்ற படங்கள், அடித்துக் கூப்பிட ஒரு மணி. இவ்வளவு போதும், பாதி ரகளை அடங்கும்.

கரன்ட் போய்விட்டது

வீட்டு வென்டிலேட்டரின் பேட்டரி எத்தனை மணி நேரம் தாங்கும் என்று கரன்ட் இருக்கும்போதே ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். சக்ஷனுக்குக் கால் மிதி மெஷினோ பேட்டரி மெஷினோ ஒன்று மாற்றாக வேண்டும். எதுவும் இல்லை என்றால் அம்பு பேக்கோடு ஒரு ஆள் உட்கார்ந்தால் நிமிடத்துக்கு 12 முதல் 15 முறை அழுத்திக் காப்பாற்றலாம். மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 1952-இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது, பியோர்ன் இப்சன் என்ற மயக்கவியல் டாக்டர் ஒரு 12 வயதுச் சிறுமிக்கு டிரக்கி வழியாகக் கையால் பை அழுத்திக் காட்டினார். அது பலித்ததும் சுமார் 1,500 மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு வாரக்கணக்கில் பை அழுத்தினார்கள். இன்றைய ஐசியூவின் தொடக்கம் என்று அதைத்தான் சொல்கிறார்கள்.

குழாய் எடுத்து மாதங்கள் கழித்து இரைப்பு

டிரக்கி எடுத்து, துளை மூடி, வேலைக்கும் போகத் தொடங்கியவர் மாடி ஏறும்போது இரைக்கிறார். மூச்சை இழுக்கும்போது கரகரவென்று சத்தம். பக்கத்து கிளினிக்கில் ஆஸ்துமா என்று இன்ஹேலர் கொடுப்பார்கள், கேட்காது. துளை இருந்த இடத்திலோ கஃப் உட்கார்ந்த இடத்திலோ மூச்சுக்குழாய் தழும்பாகிச் சுருங்கியிருக்கக்கூடும். எந்த டாக்டரிடம் போனாலும் "முன்பு டிரக்கி போட்டிருந்தது, இத்தனை நாள் வென்டிலேட்டரில் இருந்தார்" என்பதை முதல் வரியாகச் சொல்லி, டிஸ்சார்ஜ் சம்மரியையும் காட்டுங்கள். கழுத்து, நெஞ்சு சி.டி. ஸ்கேனும் பிராங்கோஸ்கோபியும் (மூச்சுக்குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்ப்பது) பார்த்தால் தெரிந்துவிடும். பலூனால் விரிப்பதிலிருந்து சுருங்கிய பகுதியை வெட்டி இணைப்பது வரை சிகிச்சை இருக்கிறது. ஓய்வில் இருக்கும்போதே சத்தம் கேட்க ஆரம்பித்தால் ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே இ.என்.டி. இருக்கும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.